நான்காம் அறைக்குக் காய்ச்சல்

தீப்பெட்டி அளவு, வெள்ளைப் பிளாஸ்டிக்.
ஆறு அறைக்கு ஆறு.
கம்பி கிடையாது, சுவரில் ஓட்டை கிடையாது.
அவை பேசுவதைக் கேட்க ஒரு பெட்டி மட்டும்
அலுவலகத்தில், போன வருடக் காலண்டர் தொங்கிய ஆணியில்.

"இது என்னாம்மா செய்யும்?" என்றார் தேசிங்கு.
"ராத்திரி நீங்க டார்ச் அடிச்சுப் பார்த்து
நோட்டுல எழுதுவீங்களே, அதைச் செய்யும்."
சொன்ன பிறகுதான்
எதைச் சொன்னேன் என்று எனக்கே கேட்டது.

அந்த நோட்டு எனக்குத் தெரியும்.
மைனஸ் பதினெட்டு, மைனஸ் பதினெட்டு, மைனஸ் பதினெட்டு,
விடியும்வரை ஒரே பேனா, ஒரே சாய்வு.
உண்மையாக இருக்கலாம்.
நாலு மணிக்கு ஒரே மூச்சில் எழுதியதாகவும் இருக்கலாம்.
மூலை மடிந்த முதல் பக்கத்தைத் தாண்டி
நான் புரட்டியதில்லை.

தடைக்காலம்.
முதுநகர்த் துறைமுகத்தில் படகெல்லாம் கட்டிக் கிடக்க
எங்களிடம் நாலு டன் வஞ்சிரம்
விலைக்காகக் காத்திருந்தது.
முதலாளி கொளஞ்சிநாதன் தூங்குவதில்லை.
என் போனிலும் அந்தச் செயலியை ஏற்றிக் கொடுத்தார்,
நானும் தூங்காமலிருக்க.

இரவு இரண்டு பத்துக்கு அலறியது.
அறை நான்கு. மைனஸ் ஒன்பது.
எழுந்து உட்கார்ந்து பார்க்கப் பார்க்க மைனஸ் எட்டு.
பிறகு மெல்ல இறங்கி
மூன்றுக்கெல்லாம் பழைய பதினெட்டு.
மறுநாளும் இரண்டு பத்து.
அதற்கு மறுநாளும்.

திரையின் நேர்கோட்டில் ஒரு சின்ன மலை,
தினமும் அதே இடத்தில்.
கதவு திறக்கிறது என்றேன் நான்.
ஆள் திறக்கிறான் என்றார் முதலாளி.
ராத்திரியில் அங்கே இருப்பது ஒரே ஆள்.
பெயரை இருவருமே சொல்லவில்லை,
அவ்வளவு நாகரிகம் எங்களுக்கு.

வெள்ளிக்கிழமை அலாரத்துக்கு முன்பே கிளம்பினேன்.
கெடிலம் பாலத்தில் காற்றே இல்லை.
கத்திரி வெயில் தார்ச்சாலையில் இன்னும் மிச்சம் இருந்தது.
ஸ்கூட்டரை முக்கிலேயே நிறுத்தி
செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன்.
எடை மேடைக்குப் பின்னால் நின்றேன்
திருடனைப் போல,
திருடனைப் பிடிக்க.

அவர் தூங்கவில்லை.
யாரும் கேட்காத நோட்டு மடியில்.
எழுந்தார். அறை அறையாக டார்ச் அடித்தார்,
முள்ளைப் பார்த்தார், வந்து எழுதினார்.
நாலாவது அறைக் கதவு சாத்தியே இருந்தது.
உள்ளே விசிறி நின்றது.
குழாய் வழியே தண்ணீர் சொட்டத் தொடங்கியது.
என் பையில் போன் துள்ளியது.
டார்ச் திரும்பி என் காலில் விழுந்தது.

தன்மேல் படியும் பனியை
இயந்திரம் தானே உருக்கிக்கொள்கிறது.
இல்லையென்றால் அதற்கு மூச்சடைக்கும்.
கையேட்டில் நாற்பதாம் பக்கத்தில் இருக்கிறது.
நோட்டிலும் இருந்தது, பக்கத்துக்குப் பக்கம்:
"2.10. நாலு தண்ணி விடுது. மூணுக்கு சரியாயிடும்."
நாலாவது அறையில் மட்டும் அந்தத் தீப்பெட்டியைக்
குளிர்ச்சுருளுக்குப் பக்கத்திலேயே மாட்டியது நான்.

"மீனுக்கு ஒண்ணும் ஆவாதும்மா," என்றார்.
"காத்துதான் சூடாவும். மீனு கல்லாட்டம் கெடக்கும்."

கிளைக்கால் நிரப்பிய குப்பி, நூற்றெண்பது ரூபாய்.
உணரியின் முனையை அதில் மூழ்கவைத்தால்
காற்று சொல்வதையெல்லாம் உடனே நம்பாது,
மீனுக்குச் சுடும்போதுதான் அதற்கும் சுடும்.
மாட்டும்போது ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார் தேசிங்கு.
"மொதலாளிக்கும் ஒண்ணு வாங்கிக் குடும்மா."
நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

இப்போது இரண்டு பத்துக்கு போன் அலறுவதில்லை.
நோட்டு நிற்கவில்லை.
நேற்று அவர் டீ குடிக்கப் போனபோது
அந்த வெள்ளிக்கிழமையைத் தேடிப் புரட்டினேன்.
அதே பேனா, அதே சாய்வு:
"2.10. நாலு தண்ணி விடுது.
ஆபீஸ் அம்மா வந்தாங்க.
கால்ல செருப்பு இல்ல."